பாதம் காத்தல்
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கடன் பேரேட்டைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே தொடர்ந்து மூன்று தவணைகள் நிலுவையாக நின்றன. அதற்கு முன் ஒரு தவணையும் தவறாதவர் அவர். வழக்கம்போல அறிவிப்பு அனுப்புமாறு காரியதரிசியிடம் கூறிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மறு மாதம் அச்சங்கத்திற்குச் சென்றபோது, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று அவருடைய இல்லத்திற்குப் போனேன். தறிக்குழியில் மிதிக்கட்டைகள் அசைவற்றுக் கிடந்தன. அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வலது பாதத்தில் பழந்துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துக் காட்டினார். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது.

“மிதிக்கட்டையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி கீறிவிட்டதுங்க. வலி ஒன்றும் இல்லை. அதனால் சும்மா விட்டுவிட்டேன்” என்றார்.

வலி இல்லை என்று அவர் கூறிய அந்தச் சொல்லே இப்பாடத்தை எழுதத் தூண்டியது. அவருடைய கதையைப் பின்னர் முடிக்கின்றேன். முதலில், நம் அங்கத்தினர்களுக்குப் பொதுவாக வரும் பாத நோய்கள் யாவை, அவை எதனால் வருகின்றன, எவ்வாறு தணியும் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பாதத்தின் அமைப்பு

மனித உடலில் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் ஒரு பாதத்திற்கு 26 வீதம், இரு பாதங்களிலும் 52 எலும்புகள் அமைந்துள்ளன. அதாவது உடலின் எலும்புகளில் ஏறக்குறைய கால் பங்கு, கணுக்காலுக்குக் கீழேயே இருக்கின்றது. இவ்வெலும்புகள் தசைநார்களால் கட்டப்பட்டு ஒரு வில்லைப் போல் வளைந்து நிற்கின்றன. நாம் அடியெடுத்து வைக்கும்பொழுது அவ்வில் சற்றே தாழ்ந்து பாரத்தை ஏற்கின்றது. அடியை எடுக்கும்பொழுது நிமிர்ந்து நம்மை முன்னே உந்துகின்றது. குதிகாலின் அடியில் கொழுப்பாலான ஒரு மெத்தையும் உண்டு.

நெசவாளரின் பாதம் நாள் முழுதும் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி அழுத்துகின்றது. விவசாயியின் பாதம் சேற்றிலும், வரப்பிலும், முள்ளிலும், கொதிக்கும் மண்ணிலும் உழல்கின்றது. தறிக்கு எண்ணெய் இடுகின்றோம். கலப்பையைக் கழுவி வைக்கின்றோம். பாதத்தை மட்டும் நோவு வந்த பின்னரே நினைக்கின்றோம்.

1. பித்தவெடிப்பு

இதற்குப் பித்தவெடிப்பு என்று பெயர் இருப்பினும், பித்தத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. உள்ளங்காலின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. ஆகையால் அத்தோல் எளிதில் வறண்டு தடித்துவிடும். நாம் நிற்கும்பொழுது குதிகாலின் கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகின்றது. தடித்து வறண்ட தோல் அதற்கு ஈடுகொடுத்து விரிய இயலாமல் வெடிக்கின்றது. வெறுங்காலுடன் சிமெண்டுத் தரையில் நெடுநேரம் நிற்பவர்க்கும், உடல் எடை மிகுந்தவர்க்கும் இது மிகுதி.

பரிகாரம் எளிது. இரவில் உறங்குமுன் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வைத்திருந்து, பாதம் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். நன்கு துடைத்த பின் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ தடவிப் பழைய பருத்திக் காலுறை அணிந்து உறங்கலாம். இரண்டு, மூன்று வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். தடித்த தோலைப் பிளேடால் சீவுவது பெருந்தவறு. வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் வைத்தியரிடம் காட்டுக. நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தை நீரில் ஊறவைத்தல் கூடாது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

2. சேற்றுப்புண்

நாற்று நடும் காலத்தில் வேளாண் குடும்பங்களில், சிறப்பாகப் பெண்களுக்கு, இதனால் நேரும் துன்பம் சொல்லி முடியாது. மணிக்கணக்கில் ஈரத்திலிருக்கும் தோல் ஊறி வெளுத்து, விரலிடுக்குகளில் உரிந்துவிடுகின்றது. ஈரமும் இருளும் நிறைந்த அவ்விடத்தில் பூஞ்சணம் பற்றுகின்றது; அதன்பின் சீழ்க்கிருமிகளும் சேர்ந்துகொள்கின்றன. மழைக்காலத்தில் ஊற்றெடுக்கும் தறிக்குழியில் கால் வைத்து நெய்வோர்க்கும் இது வருவதுண்டு.

சேற்றில் இறங்குமுன் விரலிடுக்குகளிலும் பாதத்திலும் எண்ணெயோ வாசலினோ பூசிக்கொண்டால் தோல் ஊறுவது குறையும். கரையேறியவுடன் நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விட்டுவிடுவது இந்தத் துடைக்கும் வேலையைத்தான். மருதாணியை அரைத்துப் பூசுவது நம் பாட்டிமார் வழக்கம். அதிலும் தணியாவிடில் குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சணக் களிம்பை நாள்தோறும் இருமுறை தடவலாம். அரிப்பு நின்றவுடன் களிம்பையும் நிறுத்திவிடுதல் கூடாது. புண் ஆறிய பின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இல்லையேல் அடுத்த நடவுக்குள் அது திரும்பிவிடும்.

விரலிடுக்கில் தோன்றிய புண்ணிலிருந்து காலின் மேற்புறம் செம்மை ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும், தொடையிடுக்கில் நெறி கட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

3. ஆணிக்கால்

ஓரிடத்தில் இடைவிடாது அழுத்தமோ உராய்வோ நேர்ந்தால் அவ்விடத்துத் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கின்றது. தடித்த தோலின் நடுப்பகுதி கூம்புபோல் உள்நோக்கி இறுகினால் அதுவே ஆணி. மிதிக்கட்டையின் விளிம்பு ஒரே இடத்தில் அழுத்துவதாலும், இறுக்கமான செருப்பாலும், தேய்ந்த செருப்பின் மேடுபள்ளத்தாலும் இது உண்டாகும்.

பாதத்தில் வரும் மருவும் பார்வைக்கு ஆணியைப் போலவே இருக்கும். அது ஒருவகை நுண்கிருமியால் வருவது, பிறர்க்கும் பரவக்கூடியது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு.

ஆணியைப் பிடுங்கினால் மட்டும் போகாது. அழுத்தம் நீங்கினால்தான் போகும். ஆகவே முதலில் மிதிக்கட்டையின் விளிம்பை இழைத்து வழவழப்பாக்குக, செருப்பை மாற்றுக. அதன் பின்னரே மருந்துக் கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலப் பட்டையால் பயனுண்டு. சூடு வைத்தல், திராவகம் விடுதல், கத்தியால் தோண்டுதல் ஆகியவை எவர்க்கும் ஆகா. நீரிழிவு நோயாளர் சாலிசிலிக் பட்டையையும் தொடலாகாது.

4. குதிகால் வலி

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்பொழுது குதிகாலில் முள் தைத்தாற்போல் வலிக்கும். பத்து அடி நடந்தால் குறையும். நெடுநேரம் அமர்ந்து எழுந்தால் மீண்டும் குத்தும். குதிகாலிலிருந்து விரல்வரை வில்லின் நாண்போல் ஓடும் தடித்த சவ்வு, குதிகாலோடு சேருமிடத்தில் நைந்துபோவதே இதன் காரணம். ஊர் ஊராக அலையும் வேலையில் மெல்லிய செருப்பை அணிந்து நானும் ஓராண்டுக் காலம் இதை அனுபவித்தவன். ஆகையால் கீழ்க்கண்ட பயிற்சியை அனுபவத்துடனேயே சொல்கின்றேன்.

படுக்கையை விட்டு இறங்குமுன் முழங்காலை நீட்டி வைத்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரு முனைகளையும் தம்பக்கம் இழுத்து 30 விநாடி நிறுத்துக. இவ்வாறு 3 முறை செய்க. பகலில் சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்ந்து கெண்டைக்காலை நீட்டுக. மாலையில் குளிர்ந்த நீர் நிரம்பிய புட்டியைத் தரையிலிட்டு உள்ளங்காலால் உருட்டுக. வீட்டினுள்ளும் மெத்தென்ற செருப்பு அணிக. உடல் எடை மிகுந்தவர் அதைக் குறைத்துக்கொள்ளல் நன்று. பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குணமாகிவிடும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் குதிகாலில் எலும்பு வளர்ந்துள்ளது என்றால் பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாத பலரிடத்தும் அவ்வெலும்பு முனை உண்டு. வலி நீங்க அதை வெட்டியெடுக்க வேண்டிய தேவை மிக அரிது.

5. கால் வீக்கமும் நரம்புச் சுருளும்

இதயம் கீழே அனுப்பிய இரத்தம் மீண்டும் மேலேறியாக வேண்டும். அதை மேலேற்றித் தருவது கெண்டைக்கால் தசை. நடக்கும்பொழுது அது சுருங்கிச் சிரைகளை அழுத்துகின்றது. சிரைகளில் உள்ள கதவுகள் இரத்தம் கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நெடுநேரம் நின்றாலும், காலைத் தொங்கவிட்டு அமர்ந்தாலும் இரத்தம் தேங்கிக் கால் வீங்கும். நாளடைவில் கதவுகள் பழுதுற்றுச் சிரைகள் சுருண்டு புடைக்கும்.

நெசவாளர் மிதிக்கட்டையை மிதிப்பது நன்மையே எனினும், தறிக்குழியின் விளிம்பு தொடையின் அடியை அழுத்தினால் அது கேடு. விளிம்பில் மடித்த சாக்கையோ பழந்துணியையோ இட்டுக்கொள்க. ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து நாலைந்து நிமிடம் நடக்க. இரவில் தலையணைமேல் கால்களை உயர்த்தி 15 நிமிடம் படுக்க.

இரு கால்களும் ஒருசேர வீங்கி நாளுக்கு நாள் மிகுந்தால், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், சிரையில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அந்தக் காலை உருவித் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

யானைக்கால் நோயால் வீங்கிய காலுக்குத் தினசரிக் கழுவலே தலையாய மருந்து. சோப்பிட்டுக் கழுவி, தோல் மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் ஈரமின்றித் துடைத்து, அமரும்பொழுது காலை உயர்த்தி வைத்துவந்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் நோவும் பெரிதும் குறையும்.

6. முள்ளும் ஆணியும்

குத்திய காயம் வெளியே சிறிது, உள்ளே ஆழம். காற்றுப் புகாத அவ்வாழத்தில் தனுர்வாதக் கிருமி வளரும். அக்கிருமி மண்ணிலும் சாணத்திலும் உள்ளது. எனவே காயத்தின்மேல் மண்ணையோ சாணத்தையோ அப்புவது, நோயை அழைத்து உள்ளே வைப்பதாகும். ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, தூய துணியால் மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் இதில் தாமதமே கூடாது.

வெறுங்காலால் வரும் இன்னொரு கேடு கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து இப்புழுவின் குஞ்சு பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றது. காரணம் தெரியாமல் சோகை பிடித்து மெலியும் பலர்க்கு இதுவே மூலம். செருப்பும் கழிப்பிடமும் இதற்குத் தடுப்பு.

7. வலியறியாத பாதம்

இதுவரை கூறியவை வலி தரும் நோய்கள். வலி தராத நோய் அவற்றினும் கொடியது.

கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் அந்நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் எண்ணி வந்தனர். அவர் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை அகற்றுகின்றது; உணர்ச்சியற்ற பாதத்தில் கல் குத்தினாலும், நெருப்புச் சுட்டாலும், இரவில் எலியே கடித்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. அந்தக் காயத்தின்மேலேயே மேலும் மேலும் நடப்பதால்தான் பாதம் அழிகின்றது. இதை அறிந்தபின், அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் அங்கே செய்யப்பட்டன. வலி என்பது உடலுக்குக் காவல் என்பதை அவர் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டால் மறைக்க வேண்டாம். தொழுநோய் 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம்.

இன்று இதே கேட்டை மிகப் பலர்க்கு விளைவிப்பது நீரிழிவு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. கட்டுப்படாத சர்க்கரை பாதத்தின் நரம்பைக் கெடுக்கின்றது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றது. முதலாவதால் காயம் தெரிவதில்லை; இரண்டாவதால் காயம் ஆறுவதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீரிழிவு உள்ளவர் படுத்துக் கண்களை மூடிக்கொள்க. வீட்டார் ஒருவர், இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுக. அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவதை உணர்ந்தவுடன் வலம், இடம் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற்போனால், பாதம் உணர்ச்சியை இழந்து வருகின்றது என்று கொண்டு வைத்தியரிடம் காட்டுக.

நீரிழிவு உள்ளவர் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

(அ) நாள்தோறும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது வீட்டார் பார்க்கட்டும்.

(ஆ) வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. நண்பகலில் கோயில் பிராகாரத்துக் கல்தளம் பாதத்தைச் சுட்டுவிடும். காலையிலோ மாலையிலோ தரிசனம் செய்யலாம். பழனிக்கும் பிற தலங்களுக்கும் பாதயாத்திரை போக விரும்புவோர் முதலில் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுக.

(இ) பாதத்தை வெந்நீரில் ஊறவைத்தலும், சூடான ஒத்தடம் கொடுத்தலும் ஆகா. சூடு மிகுந்தாலும் பாதம் அதனைச் சொல்லாது. ஊறிய தோலும் எளிதில் புண்ணாகும்.

(ஈ) நகத்தை நேராக வெட்டுக, ஓரங்களைத் தோண்டற்க.

(உ) செருப்பை மாலையில் வாங்குக. அப்போதுதான் பாதம் சற்றே பருத்திருக்கும். பின்வார் உள்ளதாக இருத்தல் நன்று. அணியுமுன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி உளவா என்று பார்க்க வேண்டும்.

(ஊ) சிறு கொப்புளமாயினும் அன்றே காட்டுக. 2021-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவு மருந்துடன் இல்லத்திற்கே வருகின்றனர். அவர்களிடம் மருந்தை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், பாதத்தையும் காட்டுக.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றுள் சில தனி ஒருவரால் ஆகா, சங்கத்தால் ஆகும். நெசவுக் கூடத்தில் ஒரு குழாயும், சோப்பும், கால் துடைக்கத் துணியும் வைப்பதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. தறிக்குழியின் சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் குறையும். ஆண்டுக்கு ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை அழைத்து, அங்கத்தினர் அனைவருக்கும் சர்க்கரையும் பாதமும் சோதிக்கச் செய்யலாம். மிதிக்கட்டைகளில் ஆணி நீட்டியிருக்கின்றதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

இனி, முதலில் கூறிய அங்கத்தினரின் கதைக்கு வருகின்றேன். அன்றே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு நீரிழிவு இருப்பது அங்கேதான் தெரியவந்தது. சுண்டுவிரலை எடுத்தாக வேண்டியதாயிற்று, பாதம் தப்பியது. மூன்று மாதம் கழித்து அவர் மீண்டும் தறியில் அமர்ந்தார். நிர்வாகக் குழு அவருடைய தவணைகளை ஒத்திவைத்தது. இன்று அவர் ரப்பர்ச் செருப்பு அணிந்துதான் குழியில் இறங்குகின்றார். இரவில் அவருடைய மகள் விளக்கைப் பிடித்துப் பாதத்தைப் பார்க்கின்றாள்.

ஒரு மாதம் முன்னதாக வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கக்கூடும் என்று வைத்தியர் சொன்னார். அந்த ஒரு மாதத்திற்கு முன்தான் நான் பேரேட்டைப் பார்த்து, அறிவிப்பு அனுப்பச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திற்குச் சென்றேன். அன்று முதல், தவறாமல் செலுத்திவந்தவர் திடீரெனத் தவறினால், அறிவிப்புக்கு முன் ஆள் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று நான் செல்லும் ஒவ்வொரு சங்கத்திலும் கூறி வருகின்றேன். அங்கத்தினர்களும் இதனைத் தத்தம் சங்கங்களில் கேட்டுப் பெறுக.

கல்வி வட்டத்தில் கலந்து பேசுவதற்கு

1. சேற்றுப்புண் ஆறிய பின்னும் மருந்தைத் தொடர வேண்டுவது ஏன்?

2. ஆணிக்கும் மருவுக்கும் உள்ள வேற்றுமை யாது?

3. நமது தறிக்குழிகளில் காலுக்குக் கேடு செய்பவை எவை? அவற்றைச் சீர்செய்ய எவ்வளவு செலவாகும்?

4. வலியின்மை எப்பொழுது ஆபத்தின் அறிகுறி ஆகும்?

5. நமது சங்கத்தில் தவணை தவறியோர் எத்தனை பேர்? அவர்களை நேரில் சென்று பார்த்தவர் யார்?